தலையாட்டிய வாக்கியங்கள்

கடவுள் துணை
ஜனவரி 12

இருந்தவர்கள்: உன் அத்தான், ஜன்னலோரக் கட்டிலில். நான், எதிரே ஸ்டூலில், மடியில் உன் வாக்கியப் பட்டியலோடு. எதிர்வீட்டுத் தையல்காரம்மா, வாசற்படியில், பாதி நேரம். வேறு யாரும் இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டேன்.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. அங்கே குளிர் அதிகமென்று ரேடியோவில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அறையில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று சொல்லிப் போனாய். அதனால்தான் மேலே அப்படித் தொடங்கியிருக்கிறேன். நீ காட்டிக் கொடுத்தபடியே செய்தேன். நான் வாக்கியத்தைத் தமிழில் படிக்க, அவர் அதைக் கப்பல் பட்டறைப் பேச்சில் சொல்ல, டேப் மெஷின் ஓடியது. அவர் அம்மாவும் அக்காவும் காலமான பிறகு இந்த வீட்டில் அந்தப் பேச்சை நான் கேட்டதில்லை. அவர்கள் இருந்தபோதும் நான் அறைக்குள் வந்தால் மூவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

உன் பட்டியலில் சில சிக்கல்கள். ‘என்னிடம் மூன்று மாடுகள் இருக்கின்றன’ என்று படித்தேன்.

“எங்கிட்ட ஏது மாடு?”

“சும்மா உதாரணத்துக்குங்க.”

“இல்லாத மாட்டை இருக்குன்னு எப்படிச் சொல்றது? மெஷின்ல ஏறுதுல்ல?”

கடைசியில் மாட்டைச் சட்டையாக மாற்றிக்கொண்டோம். மூன்று சட்டை அவரிடம் இருக்கிறது. அடுத்தது ‘நேற்று நான் என் மனைவியை அடித்தேன்.’ அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “உன் தம்பி என்னைப் பத்தி என்னதான் நெனச்சுக்கிட்டிருக்கான்?” என்றார். தையல்காரம்மா சிரித்தது கேசட்டில் விழுந்திருக்கிறது. அந்த வாக்கியத்தைச் சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார். கட்டத்தில் ‘மறுத்தார்’ என்று குறித்திருக்கிறேன். மளிகைக் கணக்குக்குப் போடுவதுபோலக் கட்டம் போட்டுச் ‘சொன்னார்’, ‘மாற்றிச் சொன்னார்’, ‘மறுத்தார்’ என்று பிரித்து வைத்தேன். உனக்குச் சௌகரியம்தானே?

அவருக்குத் தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது. வெந்நீர் குடிக்கிறார்.

இப்படிக்கு,
அக்கா

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

கேசட் வந்தது. உன் கட்டங்களைப் பார்த்து என் பேராசிரியர் அசந்துபோனார். ‘இவர் எங்கே பயிற்சி எடுத்தார்?’ என்று கேட்டார். சமையலறையில் என்றேன்.

அக்கா, நீங்கள் இருவரும் அனுப்பியது என்னவென்று உங்களுக்கே தெரியாது. அந்தப் பேச்சில் வினைச்சொல் அசைவதே இல்லை. முன்னால் நிற்கும் சின்னச் சொல்தான் எல்லா வேலையும் பார்க்கிறது. ‘தே’ வந்தால் நடந்துகொண்டிருக்கிறது, ‘கபா’ வந்தால் முடிந்துவிட்டது, ‘லோ’ வந்தால் இனிமேல்தான். நாலு திசையிலிருந்து கப்பல் பட்டறைக்கு வந்தவர்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல், வேலை நடக்க வேண்டுமே என்று உண்டாக்கிக்கொண்டது. சொற்கள் முதலாளிமாருடையவை. அவற்றைக் கோத்த விதம் முழுக்க இவர்களுடையது. இதற்கு இலக்கணம் என்று இதுவரை யாரும் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. துறைமுகத்து மற்ற வீடுகளில் போன முறை கேட்டுப் பார்த்தேன். பாட்டு வருகிறது, வசவு வருகிறது, முழுதாக ஒரு வாக்கியம் வரவில்லை. அத்தான் ஒருவர்தான் மிச்சம்.

இரண்டாம் பட்டியல் இத்துடன். மைக்கை அத்தான் வாய்க்கு இன்னும் பக்கத்தில் வை. குரல் கரகரவென்று கேட்கிறது. வெல்டிங் புகை இன்னும் விடவில்லையா?

அன்புடன்,
தம்பி

கடவுள் துணை
பிப்ரவரி 27

இருந்தவர்கள்: அவர், நான்.

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை அவருக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். மூன்றாம் தரம் அவரே வாங்கிப் படித்தார். பட்டறையில் மற்ற வெல்டர்கள் இந்தப் பேச்சுக்காரர்களை ‘அரைவாய்’ என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார்களாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு இப்போதுதான் தெரியும். “அரைவாய்க்கு இலக்கணப் புத்தகமா?” என்று கேட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் உள்ளே வரவில்லை. வந்ததும் “அடுத்த பட்டியலை எடு” என்றார்.

இரண்டாம் பட்டியல் முழுவதும் சொல்லி முடித்தார். நடுவில் நிறைய இருமுவார், அங்கெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டேன். நீ நிறுத்தக் கூடாது என்பாய். இருமலுக்கு இலக்கணம் வேண்டாம் என்று நானாக முடிவு செய்தேன்.

டாக்டரிடம் போய் வந்தோம். ஒன்றுமில்லை என்று எழுதச் சொல்கிறார் உன் அத்தான். எழுதிவிட்டேன்.

இன்னும் எத்தனை பட்டியல் வரும்? எப்போது முடியும்? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய், நிம்மதி.

இன்னும் இரண்டே பட்டியல்தான். மூன்றாவது இத்துடன் வருகிறது. நான்காவது ‘இல்லை’, ‘வேண்டாம்’, ‘இருந்திருந்தால்’ என்று வருகிற வாக்கியங்கள். அதுதான் புத்தகத்தின் உயிர். ஆகஸ்டில் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் இந்த வேலை எனக்கு இருக்குமா என்றே தெரியவில்லை. லீவு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நான் வந்து செய்ய வேண்டியதை நீங்கள் இருவரும் செய்கிறீர்கள்.

அத்தானிடம் சொல்: புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் பெயர்தான்.

அன்புடன்,
தம்பி

கடவுள் துணை
ஏப்ரல் 19

இருந்தவர்கள்: அவர், நான். கடைசி நாளன்று தையல்காரம்மாவும்.

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். நான் எழுதும் கடிதத்தை அவர் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுகிறார். அதனால் அவரும் நலம்.

மூன்றாம் பட்டியல் முடிந்தது. நாளுக்குக் கொஞ்சமாகத்தான் சொல்ல முடிந்தது. மைக்கை உதட்டிலேயே வைத்துக்கொண்டார். உன் முதல் பக்கத்துச் செய்தியைச் சொன்னேன். மறுநாள் முகச்சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பட்டியலுக்கு உட்கார்ந்தார். “மெஷின்ல சட்டை தெரியாதுங்க” என்றேன். “எனக்குத் தெரியும்ல” என்றார்.

[இங்கே இரண்டு வரிகள் அழுத்தி அடிக்கப்பட்டிருக்கின்றன.]

மேலே அடித்தது நானல்ல. நான்காவது பட்டியலைச் சீக்கிரம் அனுப்பச் சொல்கிறார். நானும் சீக்கிரம் அனுப்பு என்றே சொல்கிறேன், ஆனால் அவர் சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

காலையில் கும்பிடும்போது உன் புத்தகத்துக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். என்ன வேண்டுவது என்று சரியாகத் தெரியவில்லை. சீக்கிரம் முடியட்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அக்கா

மே 3

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். நான்காம் பட்டியல் இத்துடன் இருக்கிறது. நினைத்ததைவிட நீண்டுவிட்டது, மன்னித்துக்கொள். ஒன்றையும் குறைக்க மனம் வரவில்லை. அடித்த வரிகளில் என்ன இருந்ததென்று கேட்க நினைத்தேன். அத்தானுடைய குறும்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தம்பி

கடவுள் துணை
ஜூன் 24

இருந்தவர்கள்: அவர், நான்.

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நாங்கள் கொஞ்ச நாள் வீட்டில் இல்லை. இப்போது வந்துவிட்டோம். நலம்.

நான்காம் பட்டியலில் முதல் பாதியை அனுப்புகிறேன். கேசட் இல்லை, தாள் மட்டும்தான். மெஷின் கெட்டுவிட்டது. கடைக்காரர் சாமான் வரவேண்டும் என்கிறார். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ‘சரி என்றார்’ என்று குறித்திருக்கிறேன். இந்தப் பட்டியலில் ‘மறுத்தார்’ ஒன்றும் இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருப்பதால் கோடு போட்டு அடைத்துவிட்டேன்.

மீதி அடுத்த மாதம்.

இப்படிக்கு,
அக்கா

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

தாள்கள் வந்தன. இரவு பகலாகப் பார்த்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

இவை அத்தான் சொன்ன வாக்கியங்களா?

பிழை என்று சொல்ல மாட்டேன். அதிகச் சரியாக இருக்கின்றன, அதுதான் உறுத்துகிறது. அத்தான் ஒரு வாக்கியத்தை எங்கே ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் முடிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. இதெல்லாம் வரிசையாக, தலை வாரிப் பொட்டு வைத்ததுபோல நிற்கிறது. அதுகூடப் போகட்டும். ‘என் வீடு எரிந்திருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்’ என்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அதற்கும் ‘சரி என்றார்’. இல்லாத மாட்டுக்குச் சண்டை போட்ட மனிதர், வீடு எரிந்தால் அழமாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்வாரா? “ஏன்டா என் வீட்டை எரிக்கிறே?” என்றல்லவா கேட்டிருப்பார்?

மெஷின் கெட்டால் வேறு வாங்க வழி செய்கிறேன். ஒரே ஒரு நிமிடம் அவர் குரல் வேண்டும். இல்லையென்றால் என்ன நடக்கிறதென்று சொல்.

தம்பி

கடவுள் துணை
ஜூலை 29

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை அவர் படிக்கவில்லை. நானே எழுதி நானே ஒட்டி நானே பெட்டியில் போடுகிறேன். சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் இதில் இருப்பதெல்லாம் உண்மை.

மெஷின் நன்றாக இருக்கிறது.

அவருக்குத் தொண்டையில் கட்டி. பிப்ரவரியிலேயே தெரியும். குரல்வளையை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் பேச்சு வராது, எடுக்காவிட்டால் பரவும் என்று டாக்டர் சொன்னார். மார்ச்சில் தேதி கொடுத்தார்கள். உன் மூன்றாம் பட்டியல் வந்தது, தேதியைத் தள்ளி வாங்கினார். ஏப்ரலில் மறுபடி தேதி கொடுத்தார்கள். அதைத்தான் நான் எழுதினேன், அவர் அடித்தார். “அவனுக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவான். அப்புறம் புத்தகம் எங்க?” என்றார்.

மே மாதம் எடுத்துவிட்டார்கள். உள்ளே கொண்டுபோகும் அன்று காலை நான்காம் பட்டியலை எடுக்கச் சொன்னார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் வேடிக்கை பார்த்தார். நர்ஸ் வந்து, “தாத்தா, பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல” என்று தாளை வாங்கிவிட்டாள். நாலு வாக்கியம் ஆகியிருந்தது. அந்த நாலும் அவர் சொன்னவை.

மற்றதெல்லாம் நான் சொன்னவை. மூன்று பட்டியல் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. நான் சொல்வேன், அவர் தலையாட்டுவார். நான் எழுதிக்கொள்வேன். இப்போது கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகத்தான் மூச்சு. நான் வாக்கியம் சொல்லி முடிக்கும் வரை மூச்சைச் சத்தமில்லாமல் விடப் பார்ப்பார். வீடு எரிவதற்கும் தலையாட்டினார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போதெல்லாம் எதற்குமே ஒன்றும் தோன்றுவதில்லை. காலையில் எழுகிறேன், துளையைத் துடைக்கிறேன், சமைக்கிறேன், வடிகட்டிக் கொடுக்கிறேன், பட்டியல் எடுக்கிறேன்.

நீ கேட்டாய், அவர் கொடுத்தார். நடுவில் நான் இருந்தேன். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

அக்கா

செப்டம்பர் 9

அக்கா,

ஒரு மாதமாகத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

கேசட்டுகளை மறுபடி போட்டுக் கேட்டேன். பிப்ரவரிக் கேசட்டிலேயே தெரிகிறது. யார் கேட்டாலும் தெரியும். நான் ‘தே’ எங்கே வருகிறது, ‘லோ’ எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே மாதத்துக்குப் பிறகு வந்த தாள்களை நான் சேர்க்க முடியாது. சேர்த்தால் அது அத்தான் பேச்சாக இருக்காது. அந்த அத்தியாயம் அந்த நாலு வாக்கியத்தோடு நிற்கும். ஆகஸ்டு போய்விட்டது. தேதியை நீட்டித்துத் தந்திருக்கிறார்கள், எதற்கென்று தெரியவில்லை.

இதை அத்தானிடம் சொல்லாதே. வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி

கடவுள் துணை
அக்டோபர் 2

இருந்தவர்கள்: அவர், நான், இன்று வந்திருந்த டாக்டரின் உதவியாளர்.

அன்புள்ள தம்பிக்கு,

உன் சுகத்துக்கு எழுது. வருவதைப் பற்றிப் பிறகு என்று எழுதியிருந்தாய். பிறகே எழுது, அவசரமில்லை. இந்தக் கடிதம் வேறொன்றுக்காக.

உன் கடிதத்தைத் தபால்காரர் அவர் கையில் கொடுத்துவிட்டார், அவர் பிரித்துப் படித்துவிட்டார். நான் கடையிலிருந்து வந்தபோது கட்டிலில் நான் எழுதி வைத்திருந்த நகல் தாள்கள் எல்லாம் பரத்திக் கிடந்தன, அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, ஸ்டூலைக் காட்டினார். உட்கார்ந்தேன். படி என்று சைகை காட்டினார். நான் முதல் தாளிலிருந்து படித்தேன். முதல் வாக்கியத்துக்கே தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். இரண்டாவதுக்கும் அப்படியே. ஒரு பக்கத்தில் ஒன்று தேறினால் பெரிது. என் கட்டத்தில் கோடு போட்டு அடைத்த இடத்தில் ‘மறுத்தார்’, ‘மறுத்தார்’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். கை வலித்தது.

நிறுத்திவிட்டுக் கேட்டேன். “அப்பல்லாம் ஏங்க சரி, சரின்னு தலையாட்டினீங்க?”

பேச்சுக்குப் பதிலாக எழுதிக் காட்ட வைத்திருக்கும் சிலேட்டுப் பலகையை எடுத்து எழுதினார். ‘அம்மா போனப்புறம் யாரும் என்கிட்ட அதுல பேசல. நீ பேசினே. கேட்டுக்கிட்டே இருக்கலாம்னு இருந்துச்சு.’

படித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

அன்றிலிருந்து விடாமல் திருத்துகிறார். நான் ஒரு விதமாகச் சொல்வேன், மறுப்பார். சொற்களை மாற்றிப் போட்டுச் சொல்வேன், மறுப்பார். அவர் சரி என்று ஒத்துக்கொள்ளும் வரை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேளை போய்விடுகிறது. இதுவரை ஆனவற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு முன்பு நான் சொன்னதைக் கேட்டுக் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்தால் துளையில் விசில் மாதிரி வருகிறது. நான் என்ன அசிங்கத்தைச் சொன்னேனோ, பலகையில்கூட எழுத மாட்டேன் என்றுவிட்டார்.

இது நடந்துகொண்டிருக்கும்போதுதான் டாக்டர் கழுத்தின் இடது பக்கம் தடவிப் பார்த்தார். மறுபடி ஒரு கட்டி. அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் தங்கிக் கதிர்வீச்சு, அதுதான் கரண்ட், வைக்க வேண்டும், பல வாரம் ஆகும், உடனே சேர்ந்தால் கேட்கும் என்கிறார். அங்கே காலையும் மாலையும் கூட்டிப் போவார்கள், மற்ற நேரம் படுத்தே இருக்க வேண்டும், பார்க்க வருபவர்களுக்கு ஒரு மணி நேரம்தான். பட்டியல் நடக்காது. அதனால் போக மாட்டேன் என்கிறார். உதவியாளர் இன்று வந்து கேட்டார், டாக்டரே நேற்று வந்து கேட்டார், தையல்காரம்மா அழுதுகூடப் பார்த்தார். எல்லோருக்கும் பலகையில் ஒரே பதில்: ‘புத்தகம் முடியட்டும்.’

நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொன்னால் மறுப்பது இப்போது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

நீ சொன்னால் கேட்பார். நீ கேட்டதற்காகத் தேதியைத் தள்ளியவர், நீ சொன்னால் போவார். ஆகவே நீ இப்படி எழுத வேண்டும்: கடைசியாக வந்த திருத்தங்களோடு அத்தியாயம் நிறைந்துவிட்டது, புத்தகம் முடிந்தது, அச்சுக்குக் கொடுத்துவிட்டேன், இனி ஒரு வாக்கியமும் தேவையில்லை. என் பெயருக்கு எழுதாதே, அவர் பெயருக்கு எழுது. உன் கையெழுத்தில் எழுது, டைப் அடித்தால் சந்தேகப்படுவார். முதல் பக்கத்தில் அவர் பெயர் எப்படி வருகிறதென்று எழுதிக் காட்டு.

உனக்கு இது உண்மையில்லை என்று தெரியும். எனக்கும் தெரியும். உண்மையில்லாத வாக்கியத்தை அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார், அதுவும் தெரியும். அவர் சொல்ல வேண்டாம், நீ சொல். அந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி சாமியிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன்.

திருத்தங்களை நிஜமாகவே முடிக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்பி வந்தால் உட்கார்ந்து முடிப்போம். அப்போது நீ பொய் சொன்னதற்காக உன்னைத் திட்டுவார், பலகை பலகையாக எழுதித் திட்டுவார். வாங்கிக்கொள்.

படுக்கை இந்த மாதம் முப்பதாம் தேதி வரைதான் காலியாக இருக்குமாம். அதற்குள் உன் கடிதம் இங்கே வந்து சேர வேண்டும்.

உடனே பதில் போடு.

இப்படிக்கு,
அக்கா